வெல்டிங் பார்த்த பேரனும் வெல்டர் கொடுத்த சொட்டும்

கேள்வி: எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். பழைய வீட்டில் குரங்கு இறங்காமல் இருக்க வளவுக்கு (நடு முற்றத்துக்கு) மேலே கம்பி வலை போட்டோம். சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் (வயது 19) மத்தியானம் பூராவும் வெல்டிங் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணைத் திறக்க முடியாமல் அலறிவிட்டான். தாய்ப்பால் விட்டோம், நந்தியாவட்டைச் சாறு பிழிந்தோம். காலையில் வெல்டிங் தம்பி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். போட்ட நிமிஷமே வலி போய்விட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் போடுகிறோம். இரண்டு நாள் ஆகிறது. மருந்து வேகம் தீர்ந்ததும் முன்னைவிட அதிகமாக வலிக்கிறது என்கிறான். விழித்திரை வெந்துபோயிருக்கும் என்று இன்டர்நெட்டில் போட்டிருக்கிறதாம். பின்னால் கண் புரை வருமா? முகம் வேறு சிவந்து எரிகிறது. செல்போன் பார்க்கலாமா? கேரட் ஜூஸ் கொடுக்கலாமா? அடுத்த வாரம் விமானம் ஏற வேண்டும். மகளிடம் இன்னும் சொல்லவில்லை, என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. — ஒரு வாசகி

பதில்:

ஆச்சி, மகளுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். வெல்டிங் வெளிச்சம் பட்டதனால் மட்டும் பேரனுக்குப் பார்வை போய்விடாது. அதிலிருக்கும் புற ஊதாக் கதிர் பட்டுக் கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது. வெயிலில் நின்றால் தோல் சிவந்து உரிகிறதே, அதுதான் கண்ணில் நடந்திருக்கிறது. ஒன்றிரண்டு நாளில், மிஞ்சிப்போனால் மூன்றாம் நாளில், புதுத் தோல் மூடிக்கொள்ளும். நீங்கள் அடுக்கியிருக்கும் விஷயங்களில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது ஒன்றுதான். அதை நீங்கள் சந்தேகமாகவே கேட்கவில்லை. அந்தச் சொட்டு மருந்து.

மின்னஞ்சலைப் பார்த்ததுமே, "அதை நிறுத்துங்கள், இன்றே கண் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று தனியாக ஒரு வரி அனுப்பிவிட்டேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன். வளவுக்கு வலை, வாசலுக்கு கேட், மொட்டை மாடிக்கு ஷெட் என்று செட்டிநாட்டில் எங்காவது ஒரு வீட்டில் தினமும் வெல்டிங் நடக்கிறது. இந்தக் குப்பியும் பட்டறைக்குப் பட்டறை கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

அதில் என்ன மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் போட்ட நிமிஷத்தில் இந்த வலியைக் காணாமல் அடிப்பது மரத்துப்போகச் செய்யும் மருந்து மட்டும்தான். லேபிளைப் படியுங்கள். புரோபராகெயின், டெட்ராகெயின், லிக்னோகெயின் என்று 'கெயின்' என முடியும் பெயர் இருந்தால் அதேதான். கண்ணில் ஒட்டிய தூசியை எடுக்கும்போதும், கண் அழுத்தம் பார்க்கும்போதும் கண் டாக்டர்கள் நாங்கள் இதில் ஒரு சொட்டு விடுவோம். அதோடு சரி. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. வலி தாங்கவில்லை, கொடுங்கள் என்று கெஞ்சினாலும் கொடுப்பதில்லை.

வலி போனால் நல்லதுதானே என்பீர்கள். கருவிழியே அரை மில்லிமீட்டர்ச் சொச்சம் கனம். அதில் மேல்தோல் பத்தில் ஒரு பங்கு, ஐந்தாறு அடுக்குச் செல்கள். அது உரிந்தால் சுற்றியிருக்கும் நல்ல செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூட வேண்டும். இந்த மருந்து அவற்றை நகரவும் விடாது, பெருகவும் விடாது. கண் சிமிட்டுவதும் கண்ணீர் சுரப்பதும் குறைந்துவிடும். மரத்த கண்ணைப் பையன் தூக்கத்தில் கசக்கினால் அவனுக்கே தெரியாது. ஆக, இன்றைக்கு ஆறவேண்டிய காயம் ஆறாமல் பெரிதாகிறது. மருந்து வேகம் தீர்ந்ததும் முன்னைவிட வலிக்கிறது என்று அவன் சொல்வதற்கு இதுதான் அர்த்தம். வலிக்கிறதே என்று மறுபடியும் சொட்டு விட்டால் காயம் இன்னும் அகலமாகும். நாள்கணக்கில் இப்படியே ஓட்டியவர்களுக்குக் கருவிழியில் வெள்ளை வளையம் விழுந்திருக்கிறது, திசு கரைந்திருக்கிறது, ஓட்டைகூட விழுந்திருக்கிறது. தானமாக வந்த கருவிழியை வைத்துத் தைக்க வேண்டிய நிலைக்குப் போனவர்களும் உண்டு. சும்மா விட்டிருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும் கண்ணுக்கு இவ்வளவும்.

லேபிளில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. "கண் சிவந்திருக்கு, ஏதாவது குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பல நேரம் கையில் வருவது இது கலந்த சொட்டுதான். இதுவும் டாக்டர் சொல்லாமல் கூடாது. நம் பக்கத்தில் ஏன் கூடாது என்பதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. மதுரையில் 1990களில் கருவிழிப் புண்ணோடு வந்தவர்களைச் சோதித்துப் பார்த்தபோது, கிருமி பிடிபட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூஞ்சைதான் காரணமாக இருந்தது. குளிர் நாடுகளில் இவ்வளவு பூஞ்சைப் புண் பார்க்க முடியாது. நம் மண்ணிலும் செடி கொடியிலும் அது தாராளம். ஸ்டீராய்டு கண்ணின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்க, பூஞ்சை தடையில்லாமல் உள்ளே இறங்கும்.

நந்தியாவட்டையும் இந்த இடத்தில்தான் வருகிறது. தலைமுறை தலைமுறையாக விடுகிறோம் என்பீர்கள். மூடிய இமை மேல் பூவை வைத்துக்கொண்டு படுக்கட்டும், நான் சண்டைக்கு வரமாட்டேன். வெல்டர்கள் வைக்கும் உருளைக்கிழங்குத் துண்டுக்கும் அதே பதில்தான். மேல்தோல் உரிந்த கண்ணுக்குள் தோட்டத்துச் செடியின் சாற்றைப் பிழிவது வேறு விஷயம், அது பூஞ்சைக்கு நாமே கதவைத் திறந்துவிடுவது. தாய்ப்பால் குழந்தைக்கு அமிர்தம்தான். ஆனால் அதில் சர்க்கரை உண்டு, கிருமியும் இருக்கலாம், உரிந்த கண்ணுக்கு வேண்டாம். விளக்கெண்ணெய், தேன், பன்னீர் என்று யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, எதைக் கண்டால் பயப்பட வேண்டும்? வெல்டிங் அடித்த கண்ணுக்கு முதல் ராத்திரிதான் நரகம். மறுநாள் சாயங்காலம் பாதி தணிந்திருக்கும். இரண்டாவது காலையில் கூச்சத்தோடாவது கண் திறக்கும். இரண்டு ராத்திரி கழிந்தும் வலி இறங்கவில்லை என்றால் அது வெறும் வெல்டிங் வெளிச்சம் இல்லை. ஒரு கண்ணில் மட்டும் வலி நின்றால் இன்னும் கவனம் வேண்டும். வெளிச்சம் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி அடிக்கும், இரும்புத் துணுக்கு ஒரு கண்ணில்தான் விழும். ஒட்டி முடித்ததும் சுத்தியலால் கசடு தட்டுவார்கள், அப்புறம் கிரைண்டர் ஓட்டுவார்கள். அதிலிருந்து தெறிக்கும் பொடி கருவிழியில் குத்திக்கொண்டு சீக்கிரமே துரு வளையம் கட்டிவிடும். இதைத் துணி நுனியால் எடுப்பவர்களும் இருக்கிறார்கள், நாக்கால் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் கிருமியை உள்ளே வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். கருவிழி மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும், நீர் வடிவது நின்ற பிறகும் பார்வை மங்கலாகவே இருந்தாலும் அதே அவசரம்தான்.

உங்கள் பேரன் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், இரண்டு நாளாக வலியை மருந்து மறைத்திருக்கிறது. வலியை வைத்து இனி எதையும் கணக்குப் போட முடியாது. அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்றேன். மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. காரைக்குடியிலேயே ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்திருக்கும் கண் டாக்டர் போதும். மஞ்சள் சாயப் பட்டையைக் கண்ணில் தொட்டு வைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தால் தோல் உரிந்த இடம் பச்சையாகத் தெரியும். வெல்டிங் என்றால் இரண்டு கண்ணிலும் புள்ளிப் புள்ளியாக இருக்கும். பெரிய திட்டாக இருந்தால் சொட்டு தன் வேலையைக் காட்டியிருக்கிறது. குப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். திட்டுவார்களே என்று ஒளிக்காதீர்கள். திட்டத்தான் செய்வார்கள்.

காயம் சாதாரணம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். அறையை இருட்டாக்குங்கள். உங்கள் பழைய வீட்டு உள் அறைகளைவிட நல்ல இடம் கிடைக்காது. சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் பத்து நிமிஷம் வைக்கலாம். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். வலிக்கு பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் உள்ள செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விட்டால் உறுத்தல் குறையும். ஆன்டிபயாடிக் சொட்டோ களிம்போ வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிற பையனா? அப்படியானால் அதை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். கண்ணைக் கட்டிப்போட வேண்டாம், கட்டினால் சீக்கிரம் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. பைக்கை எடுக்க விடாதீர்கள்.

விழித்திரைப் பயத்துக்கு வருகிறேன். வெல்டிங்கில் இவ்வளவு வலி கொடுக்கும் கதிரைக் கருவிழியே உறிஞ்சிக்கொள்ளும், அது விழித்திரை வரை போகாது. கதிர் பட்ட செல்கள் உடனே உதிராமல் 6 முதல் 12 மணி நேரம் கழித்து உதிர்கின்றன. அதனால்தான் மத்தியானம் பார்த்ததற்கு ராத்திரி ஒரு மணிக்கு வலி வந்தது. விழித்திரையைச் சுடுவது அந்த வெளிச்சத்தை வெறித்துப் பார்க்கும்போது உள்ளே போகும் கண்ணுக்குத் தெரிகிற ஒளி. அப்படி ஆவது அபூர்வம், ஆகிவிட்டாலோ வலிக்கவே வலிக்காது. 2019 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டைப் பக்கம் தெரிந்த வளையச் சூரிய கிரகணம் போன்றவற்றை வெறும் கண்ணால் பார்ப்பவர்களுக்கு வருவது அந்த வகை. வலி தணிந்ததும் பேரனை ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மற்றக் கண்ணால். கல்லுக்குக் கல் ஓடும் கோடு நேராகத் தெரிந்தால் நிம்மதியாக இருக்கலாம். நடுவில் கோடு வளைந்தாலோ கறுப்புத் திட்டு தெரிந்தாலோ விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்டர்நெட்டில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, படிப்பவரை ராத்திரி தூங்கவிடாமல் செய்கிறார்கள்.

கண் புரை ஒரு மத்தியானத்தில் வராது. முகம் வெயில் பட்டது போலத்தான் சிவந்திருக்கிறது, சில நாளில் உரிந்து சரியாகும். தேங்காய் எண்ணெய் தடவலாம், கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்போனால் கெடுதல் இல்லை, கூசுகிறவரை அவனே தொடமாட்டான். கேரட் ஜூஸ் குடிக்கட்டும், நல்லதுதான், இந்தக் காயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மிச்ச வேலை இன்னும் நடக்கிறது என்றால் வெல்டிங் தம்பியிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் குப்பியைக் கொடுக்கவில்லை, தான் போட்டுக்கொள்வதைத்தான் கொடுத்தார். எனக்கு அதுதான் கவலை. 'டாக்' வைக்கும்போது (முழுசாக ஒட்டுவதற்கு முன் அங்கங்கே பொட்டு வைத்து ஒட்டும்போது) முகமூடி இறக்காமல் கண்ணை மட்டும் இறுக மூடிக்கொள்ளும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஒரு நொடி தப்பினால் போதும். கரண்ட் வெல்டிங்குக்கு 10-க்குக் குறையாத ஷேடு (கண்ணாடியின் கறுப்பைச் சொல்லும் எண்) உள்ள கண்ணாடி வேண்டும். பஜாரில் வாங்கும் கூலிங் கிளாஸ் அதற்கு ஈடாகாது, பக்கவாட்டில் கதிர் புகுந்துவிடும். நேராகப் பார்க்காமல் இருந்தால் சரி என்றும் இல்லை, சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் பாதிக்கும். தூரம் இரட்டித்தால் வீச்சு நாலில் ஒன்றாகும். ஆகவே வேலை செய்கிற இடத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டச் சொல்லுங்கள், குழந்தைகளை இரண்டாம் கட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குப்பியை அவரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

விமானம் ஏறுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறுபடி சாயம் வைத்துப் பார்த்துக் காயம் மூடிவிட்டது என்று டாக்டர் சொன்னால் தாராளமாக ஏறலாம். விமானத்துக்குள் காற்று வறண்டிருக்கும், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். லென்ஸ் போடுகிறவன் என்றால் கண் டாக்டர் சரி சொல்லும்வரை கண்ணாடிதான். பச்சைத் திட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால் டிக்கெட் தேதியை மாற்றிவிடுங்கள்.