'வியர்ட்: தி அல் யான்கோவிக் ஸ்டோரி' (2022) முடிவில் பாடகர் அல் சுடப்பட்டுச் சாவது ஏன்? நிஜத்தில் அவர் உயிரோடுதானே இருக்கிறார்?

ஆமாம், உயிரோடுதான் இருக்கிறார். எரிக் அப்பெல்லோடு சேர்ந்து இந்தப் படத்தை எழுதியவரே அவர்தான். இசை நிறுவன அதிகாரியாகத் தலையும் காட்டுகிறார்.

பிறர் பாட்டைக் கிண்டலாக மாற்றிப் பாடுவது அவர் தொழில். இங்கே தன் வாழ்க்கைக் கதைக்கும் அதையே செய்திருக்கிறார். பாடகர்கள் வாழ்க்கைப் படங்களில் வழக்கமாக வரும் அப்பா எதிர்ப்பு, புகழ் போதை, குடி, கடைசியில் சமரசம் எல்லாம் வரிசையாக வரும், ஆனால் எல்லை மீறி.

படத்தில் கொலம்பிய போதைப்பொருள் கடத்தல் தலைவன் எஸ்கோபாரை அல் கொன்றபின் அந்தக் கடத்தல் கூட்டத்துக்குப் பாப் பாடகி மடோனா தலைவியாகிறார். அல் கூட்டு சேர மறுத்ததால்தான் விருது மேடையில் மடோனாவின் ஆள் அவரைச் சுடுவது. நிஜத்தில் எஸ்கோபார் இறந்தது 1993இல், போலீஸ் நடவடிக்கையில்.

கவனிக்க வேண்டிய இடம் அந்த மேடைப் பாட்டு. கதை நடப்பது 1985. அல் அங்கே பாடும் 'ஆமிஷ் பாரடைஸ்' நிஜத்தில் வந்ததோ 1996இல். படத்தில் அப்பா, தான் ஆமிஷ்காரர் (நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் கிறிஸ்தவப் பிரிவு) என்று அழுதுகொண்டே சொல்வது முழுக்க இந்தப் பாட்டுக்குப் போட்ட அடித்தளம். நிஜ அப்பா அம்மாவோ அவரை அக்கார்டியன் என்ற இசைக்கருவி வகுப்புக்கு அனுப்பியவர்கள்.

கல்லறையிலிருந்து வெளிவந்து மடோனாவைப் பிடிக்கும் கை, 'கேரி' (1976) படத்தின் கடைசி அதிர்ச்சிக் காட்சிக்கு அடித்த நக்கல். அதோடு எழுந்துவிடாதீர்கள்: பெயர்கள் ஓடும்போது வரும் 'நவ் யூ நோ' பாட்டு, பார்த்ததெல்லாம் உண்மை என்று கூசாமல் சத்தியம் செய்யும்.