யூதர்கள் ஓய்வுநாளில் விளக்குப் போட வேற்று மதத்தவரை வைத்துக்கொள்வது ஏமாற்று வேலைதானே?

அந்த வேற்று மதத்தவள் நான்தான். ஜெருசலேமில் ஒரு வயதான தம்பதி வீட்டில், படுத்த படுக்கையாக இருந்த பாட்டியை ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன். ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் அரசியல் பேச வரவில்லை, தயவுசெய்து யாரும் அதை இழுக்காதீர்கள். ஓய்வுநாளான சனிக்கிழமையில் கார் ஓட்டும் யூதர்களும் நிறைய உண்டு. நான் சொல்வது அந்த ஒரு வீட்டைப் பற்றி.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது ஊரில் சங்கு ஊதும். அதற்குள் சமையல் முடிந்து, சூடு ஆறாமல் வைக்கும் மின்தட்டின் மேல் ஏறிவிடும். தாத்தா மதியமே ஃபிரிட்ஜ் பல்பைக் கழற்றித் துணியில் சுற்றி டிராயரில் வைத்துவிடுவார். கதவைத் திறந்தால் எரியுமே, அதற்காக. மறுநாள் இருட்டி மூன்று நட்சத்திரம் தெரியும்வரை தீ மூட்டுவது, எழுதுவது, தைப்பது என்று 39 வகை வேலைகள் கூடாது. மோசே காலத்து வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்யத் தேவைப்பட்ட வேலைகள் இவை என்பது அவர்கள் மரபு. சுமார் கி.பி. 200-இல் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் பட்டியலே இருக்கிறது.

என்னிடம் "லைட்டைப் போடு" என்று தாத்தா தனக்காக ஒரு நாளும் சொன்னதில்லை. பாட்டியின் நோய்க்காகச் சொல்லலாம், அதற்கு விலக்கு உண்டு. சொந்த வசதிக்கு என்னை ஏவுவதையும் அவர்கள் சட்டம் தடுக்கிறது. எனக்குத் தேவையென்று நான் போட்டுக்கொண்டால், அந்த வெளிச்சத்தில் அவரும் உட்கார்ந்து படிப்பார்.

நான் குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவள். பத்துக் கட்டளை வரும் பைபிளின் யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் எனக்கு மனப்பாடம். வேலைக்காரிக்கும் "உன் வாசல்களில் இருக்கிற அந்நிய"னுக்கும் சேர்த்துத்தான் அந்த ஓய்வு. உபாகமம் 5 காரணமும் சொல்கிறது: நீ எகிப்தில் அடிமையாக இருந்தவன், நினைத்துக்கொள். ஊரில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் வரவேற்பறைச் சுவரிலேயே பத்துக் கட்டளை மாட்டியிருந்தது. எங்களுக்கு லீவு மாதம் இரண்டு நாள். அப்பாவின் முப்பதாம் நாள் ஜெபத்துக்குக் கேட்டபோதுகூட ஆள் இல்லை என்றார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அது இன்னும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வெள்ளி இரவு பாட்டிக்கு மூச்சுத் திணறல், உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட நான் போனை நோக்கி ஓடினேன். தாத்தா என்னைத் தடுத்துவிட்டுத் தானே எடுத்து 101 அழுத்தினார். ஆறு வருடத்தில் ஓய்வுநாள் அன்று அவர் ஒரு பட்டனைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். விளக்கெல்லாம் அவரே போட்டார், ஆம்புலன்ஸிலும் ஏறிப் போனார்.

அப்புறம்தான் விளக்கினார். உயிர் போகும் ஆபத்தென்றால் ஓய்வுநாளை மீறியே ஆக வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் யூத மத அறிஞர் ஜோசப் காரோ தொகுத்த சட்டநூல், அந்த மீறலை அடுத்தவர் தலையில் கட்டாமல் விவரம் தெரிந்த யூதரே செய்யப் பார்க்க வேண்டும் என்கிறதாம். நீங்கள் ஏமாற்று வேலை என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது.

பாட்டி பிழைத்துக்கொண்டார். தாத்தா சனிக்கிழமை நட்சத்திரம் வந்த பிறகே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். பின்னல் மெழுகுவர்த்தியை ஏற்றி ஓய்வுநாளை வழியனுப்பும் ஜெபத்தைச் சொன்னார். வாசனைப் பெட்டியைத் தான் முகர்ந்துவிட்டு என்னிடமும் நீட்டினார். உள்ளே கிராம்பு இருந்தது.