எம்130 இருந்தால் முதல் மனிதரா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஜோதிமாணிக்கம் ஊரில் ஒருவருக்கு எம்130 இருப்பதாகக் காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு கண்டறிந்ததே, அவர் வம்சம்தான் இந்தியாவின் முதல் மனிதர்களா?

அப்படிச் சொல்ல முடியாது. எம்130 தனி மரபணுவும் இல்லை. ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமில் குறிப்பிட்ட ஓரிடத்தில் சி என்ற டிஎன்ஏ எழுத்து டி ஆக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

செல்லின் உட்கருவில் 46 குரோமோசோம்கள், அதாவது டிஎன்ஏ இழைகள்: அம்மா தந்தது 23, அப்பா தந்தது 23. ஒரு செட்டில் ஏறத்தாழ 310 கோடி எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி மட்டுமே). அந்த முழுத் தொகுப்புதான் ஜீனோம். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் 20,000 வாக்கில். அவற்றில் புரதத்துக்கான எழுத்துகள் பிடிக்கிற இடம் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஒய் குரோமோசோமின் நீளம் சுமார் 6 கோடி எழுத்து. அதை முழுசாகப் படித்து முடித்ததே 2023இல்தான்.

பிறகு ஏன் ஒய்யைத் தேடுகிறார்கள்? மற்ற ஜோடிகள் விந்தணு, கருமுட்டை உருவாகும்போது துண்டு துண்டாக இடம் மாற்றிக்கொள்ளும். ஒய்யின் இரு முனைகள் தவிர மீதிக்கு மாற்றிக்கொள்ள ஜோடி கிடையாது. அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்கும். நகலெடுக்கையில் விழுந்த பிழையும் கூடவே இறங்கும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் விழுந்த பிழை எம்130. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு, மங்கோலியரிடமும் உண்டு. இந்தியக் கடற்கரையோரமாக மனிதர் கிழக்கே நகர்ந்தார்கள் என்ற கருத்துக்கு அதனால்தான் இந்த ஊர் முக்கியமானது.

ஆனால் பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள். ஒய் சொல்வது அதில் ஒரே ஒருவரின் கதை. அந்த ஜோதிமாணிக்கத்துக்காரரின் உடன்பிறந்த அக்காவிடம் எம்130 இருக்காது. அக்கா பின்னால் வந்து குடியேறியவரா? எம்130 இல்லாத பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு பாட்டி வழியாக, அந்தப் பிழை முதலில் விழுந்த அதே மனிதரின் வம்சமாக இருக்கலாம். இதை வைத்துச் சாதிப் பெருமை பேசும் வீடியோக்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

சோதித்துப் பார்க்க நினைத்தால்: ஆணின் மாதிரிதான் வேண்டும், பெண்கள் அப்பாவிடமோ அண்ணன் தம்பியிடமோ எடுக்கலாம். சாப்பிட்டிருந்தாலோ வெற்றிலை போட்டிருந்தாலோ அரை மணி நேரமாவது கழித்து, வாய் கொப்பளித்து, பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். நிழலில் காயவிட்டுக் காகித உறையில் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடினால் நம்மூர் வெயிலுக்கு பாக்டீரியா பெருகி டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். ரத்தம் என்றால், அது உறையாமல் தடுக்கும் இடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாய். பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெப்பாரின், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையைத் தடுக்கும்.