பாலத்தடியும் சுருதி சேராத கித்தாரும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஓசூரில் ஒரு கம்பெனியில் இரவு ஷிஃப்ட் வேலை. திரும்பும் பஸ்ஸில் தினமும் அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் ‘சம்திங் இன் த வே’ கேட்பேன். 2022இல் வந்த பேட்மேன் படத்தில்தான் எனக்கு இந்தப் பாட்டு அறிமுகம். அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் வீடில்லாமல் பாலத்துக்கு அடியில் படுத்துக் கிடந்த நாட்களைப் பற்றி எழுதியது என்று படித்தபோது அழுகையே வந்துவிட்டது. போன வாரம் ஒரு நண்பன், “அதெல்லாம் புருடா, அவன்கூட வாசித்தவனே இல்லை என்று சொல்லிவிட்டான்” என்றான். அதிலிருந்து பாட்டைக் கேட்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. பின்னணி பொய் என்றால் பாட்டும் பொய்தானே? இன்னொன்று, ஏன் இவ்வளவு முணுமுணுப்பு? முதலில் என் இயர்போன்தான் பழுது என்று நினைத்தேன்.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொன்னது கிட்டத்தட்ட சரி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அபர்டீன் என்று ஒரு மரம்வெட்டிகளின் ஊர். அங்கே விஷ்கா ஆற்றின் குறுக்கே உள்ள யங் ஸ்ட்ரீட் பாலம்தான் இந்தக் கதையின் பாலம். கோபேன் அங்கே போய் உட்கார்ந்ததுண்டு, நண்பர்களோடு பொழுதைக் கழித்ததுண்டு. ஆனால் அங்கே குடியிருந்திருக்க முடியாது என்றவர் நிர்வாணாவின் பேஸ் கித்தார்காரர் கிறிஸ்ட் நோவோசெலிச். அவர் சொன்ன காரணம் எளிமையானது. கடல் பக்கத்தில் இருப்பதால் ஆற்றில் தினமும் நீர் ஏறி இறங்கும். கரை முழுக்கச் சேறு. அதில் எவன் படுப்பான்? கோபேன் தன் கதையைத் தானே திருத்தி எழுதிக்கொண்டார் என்பது அவர் கட்சி.

அப்படியென்றால் அந்தப் பையன் எங்கேதான் படுத்தான்? பதினேழு பதினெட்டு வயதில் அம்மா வீட்டை விட்டு வந்த பிறகு நண்பர்கள் வீடு, அடுக்குமாடிக் கட்டிடங்களின் நடைவழி, பிறகு அந்த ஊர் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறை. வாழ்க்கை வரலாறு எழுதிய சார்லஸ் கிராஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1967இல் கோபேன் பிறந்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

பாலத்தடியைவிட இதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பாலத்தடியில் கிடப்பவனைப் பார்த்தால் வீடில்லாதவன் என்று ஊருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்குபவனைப் பார்த்தால், யாரோ நோயாளிக்குத் துணைக்கு வந்தவன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ஓர் இரவு கழித்தவர்களுக்கு அது புரியும். அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் காத்திருப்பு அறையை வைத்துப் பாட்டுக் கட்டுவது கஷ்டம். பாலத்தை வைத்து எளிதாகக் கட்டலாம்.

கோபேன் இதை முழுக்க மறைத்தார் என்றும் சொல்ல முடியாது. 1993இல் வெளிவந்த மைக்கேல் அசராடின் புத்தகத்தில் அவரே சொல்லியிருக்கிறார். எய்ட்ஸ் வந்து நகரக்கூட முடியாமல் பாலத்தடியில் கிடக்கும் ஒருவனாகத் தன்னைக் கற்பனை செய்துகொண்டு எழுதிய பாட்டு அது என்று. பாட்டின் வரிகளையும் அப்படிப் படித்துப் பாருங்கள். தார்ப்பாய் ஒழுகுகிறது. பொறிவைத்துப் பிடித்த பிராணிகள் எல்லாம் வளர்ப்புப் பிராணிகள் ஆகிவிட்டன, அதனால் அவற்றைத் தின்ன முடியாது. புல்லும் மேலிருந்து சொட்டும் நீரும்தான் ஆகாரம். மீன் மட்டும் பரவாயில்லை, அதற்கு உணர்ச்சி கிடையாது. கடைசி வரியில் அவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான் பாருங்கள், அது சுயசரிதை எழுதுபவன் செய்கிற வேலை இல்லை. ஒரு பாத்திரத்தை உண்டாக்குகிறவன் செய்கிற வேலை. சிறுகதைக்காரனிடம் போய் “நீ நிஜமாகவே மீன் தின்றாயா?” என்று கேட்பீர்களா?

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது இயர்போன் சந்தேகம்தான். இந்தப் பாட்டின் நிஜமான பின்னணி அங்கேதான் இருக்கிறது.

1991 மே மாதம், லாஸ் ஏஞ்சல்ஸின் வான் நைஸ் பகுதியில் உள்ள சவுண்ட் சிட்டி ஸ்டூடியோ. ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்துக்கான ரெக்கார்டிங். தயாரிப்பாளர் புட்ச் விக். இந்தப் பாட்டை முதலில் வழக்கம்போல எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பார்த்திருக்கிறார்கள், தேறவில்லை. பிறகு கோபேன் கன்ட்ரோல் ரூமுக்கு வந்து, அங்கிருந்த சோபாவில் படுத்துக்கொண்டு, கித்தாரை வருடியபடி வாய்க்குள்ளேயே பாடிக் காட்டினார். விக் அவரை எழுப்பவில்லை, மைக்கை அங்கேயே கொண்டுவந்து வைத்தார். கதவைச் சாத்தி, ஏசியை நிறுத்தி, டெலிபோன் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்தார். அவ்வளவு மெல்லிய குரல். நீங்கள் கேட்கும் முணுமுணுப்பு அதுதான். மூச்சு மைக்கில் படுகிற தூரத்தில் படுத்துக்கொண்டு ஒருவன் பாடியது.

அந்தக் கித்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடகுக் கடையில் சல்லிசாக வாங்கிய பழைய ஸ்டெல்லா கித்தார். அதில் ஐந்தே நைலான் தந்திகள், சுருதியும் ஒழுங்காக நிற்காது. பாட்டு முழுக்க இரண்டே கார்டுகள்தான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), சரணத்துக்கும் பல்லவிக்கும் அவையேதான்.

பொதுவாக ராக் இசைப் பதிவில் டிரம்ஸையும் பேஸையும் முதலில் போட்டுவிட்டு அதன்மேல் மற்றதை ஏற்றுவார்கள். இங்கே தலைகீழ். குரலும் கித்தாரும் முதலில் பதிவாகிவிட்டன. தாளத்தைக் காக்க, காதில் டிக் டிக்கென்று ஒலிக்கும் கிளிக் டிராக் கிடையாது. எனவே வேகம் அவர் மூச்சைப் போல ஏறி இறங்குகிறது. நோவோசெலிச் தன் பேஸை அந்தக் கோணல் சுருதிக்கு இறக்க வேண்டியிருந்தது. டிரம்மர் டேவ் குரோல், தோலைக் கிழிக்கிற மாதிரி அடிப்பதற்குப் பெயர் போனவர். அவரை இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக என்று அடக்கி, அலைகிற அந்த வேகத்துக்கு வாசிக்கச் சொன்னார்கள். இறுதியில் செல்லோ (வில்லால் வாசிக்கும், வயலினின் பெரிய அண்ணன்) வாசிக்க வந்த கிர்க் கேனிங்குக்கும் இதே அவஸ்தை, எந்த சுருதியில் வில்லை வைப்பது என்று.

நம் கச்சேரிகளில் தம்புரா என்ன சொல்கிறதோ அதற்குத்தான் வித்வான் முதல் கடம் வாசிப்பவர் வரை எல்லோரும் கட்டுப்பட்டவர்கள். இங்கே தம்புராவே கோணல். சரிசெய்துவிட்டு ஆரம்பிப்போம் என்று யாரும் சொல்லவில்லை. படுத்துக் கிடக்கிற ஒருவனின் சுருதிக்கு மற்ற எல்லோரும் குனிந்து வந்தார்கள். செல்லோவின் அந்த இழுவையில் ஒரு புளிப்பு இருக்கிறதே, அது இந்தக் குனிவிலிருந்து வருவது என்பது என் அபிப்பிராயம். 1993 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த ‘அன்பிளக்டு’ என்ற டிவி இசை நிகழ்ச்சியில் இதே பாட்டை நல்ல கித்தாரோடு, லோரி கோல்ட்ஸ்டன் என்ற தேர்ந்த செல்லோ கலைஞரோடு வாசித்தார்கள். சுத்தமாக இருக்கிறது. எனக்கு அதில் பாலத்தைக் காணோம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நிர்வாணாவின் பாட்டுகள் பெரும்பாலும் சரணத்தில் அடங்கி, பல்லவியில் வெடிக்கும். ‘நெவர்மைண்ட்’டை முதலிலிருந்து கேட்டு வருகிறவனுக்கு அது பழகியிருக்கும். கடைசியாக வருகிற இந்தப் பாட்டிலும் வெடிப்புக்காகக் காதைத் தயாராக வைத்திருப்பான். பல்லவி வருகிறது. செல்லோ சேர்கிறது, குரல் இரண்டு மூன்றாகிறது, ஒரு “ம்ம்ம்” கேட்கிறது. அவ்வளவுதான், வெடிப்பதில்லை. பேட்மேன் படத்தில் அந்த இருட்டுக்கு இது பொருந்தியதும் இதனால்தான். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் முதல்முறையாக ஏறியது, பாவம், பாடியவர் போய் அப்போது கிட்டத்தட்ட இருபத்தெட்டு வருடமாகிவிட்டது.

வெடிப்பு எங்கே போனது தெரியுமா? அந்தக் காலத்து சிடியில் இந்தப் பாட்டு முடிந்ததும் பத்து நிமிடம் சுத்த மௌனம். ஆல்பம் முடிந்தது என்று எழுந்து போய்விடுவோம். பிறகு அட்டையில் பெயரே இல்லாத ‘எண்ட்லெஸ், நேம்லெஸ்’ என்ற காட்டுக் கூச்சல் தொடங்கும். (முதலில் அச்சான பிரதிகளில் அதைச் சேர்க்கத் தவறிவிட்டார்கள்.) 1998இல் திருச்சியில் தோழியின் அறையில் முதன்முறை கேட்டோம். பாட்டு முடிந்தது, இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு அவள் உப்புமா கிளற எழுந்தாள். கூச்சல் வந்தபோது கரண்டி கீழே விழுந்தது. கீழ்வீட்டு மாமி மாடியேறி வந்து, “யாருக்கும்மா என்ன ஆச்சு?” என்றார்.

இப்போது செயலிகளில் அந்தப் பத்து நிமிட மௌனத்தை வெட்டிவிட்டு, கூச்சலைத் தனிப் பாட்டாக அடுத்தே வைத்திருக்கிறார்கள். அதனால் உங்கள் இயர்போனில் பழுதில்லை என்றாலும் சத்தத்தை ரொம்பக் கூட்டி வைக்காதீர்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரும் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவராகத்தான் இருப்பார்.

அன்புடன்,
அக்கா