டியூப் ஸ்க்ரீமரில் கிட்டார் சத்தம் மெலிவது ஏன்? முதலில் மாற்ற வேண்டியது சிப் அல்ல

கேள்வி: ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிட்டாரும் 20 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் வைத்திருக்கிறேன். அண்மையில் ஐபனேஸ் டிஎஸ்9 டியூப் ஸ்க்ரீமர் பெடல் வாங்கினேன். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிரைவ் குமிழை முழுக்க ஏற்றினால் தேனீக் கூட்டம் போல இரைகிறது. தடித்த கம்பிகளின் சத்தம் மெலிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் சிப்பை மாற்றினால் இதன் பழைய மாடலான டிஎஸ்808-இன் சத்தம் கிடைக்கும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: சிப்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் சிப் காரணமில்லை.

இந்தப் பெடல் கிட்டார் சிக்னலை டிரைவ் குமிழின் நிலைக்கேற்ப 12 முதல் 118 மடங்கு வரை பெருக்கி, இரண்டு சிலிக்கான் டையோடுகளால் அதன் உச்சிகளை மழுக்குகிறது. ஆனால் எல்லாச் சுரங்களையும் ஒரே அளவில் பெருக்குவதில்லை. 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றன. ஆறாவது கம்பியின் திறந்த சுரம் 82 ஹெர்ட்ஸ். டிரைவ் முழுக்க இருந்தாலும் அந்தச் சுரம் சுமார் 13 மடங்குதான் பெருகும். மெலிவு இங்கிருந்துதான் வருகிறது.

இது தெரிந்தே செய்த வடிவமைப்பு. கீழ்ச்சுரங்கள் மழுங்கினால் சத்தம் சேறாகக் குழம்பும். அதனால், ஏற்கெனவே சதைப்பற்றோடு ஒலிக்கும் வால்வு ஆம்ப்பை இன்னும் கொஞ்சம் உந்துவதற்கு இந்தச் சுற்று அருமையாகப் பொருந்துகிறது. அமெரிக்க புளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் இதை உரக்க வைத்த ஃபெண்டர் ஆம்ப்களுக்கு முன்னால்தான் பயன்படுத்தினார். உங்கள் ஆம்ப்பின் கிளீன் சேனலிலோ டிஸ்டார்ஷன் (உச்சி மழுங்குவதால் வரும் கரகரப்பு) முழுவதையும் பெடல் தனியாகச் சுமக்கிறது. கூடவே சிங்கிள் காயில் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள் காந்தப் பாகம்) மின் இரைச்சலும் அதே அளவுக்குப் பெருகுகிறது.

ஆகவே முதல் வேலைக்கு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். ஆம்ப்பின் டிரைவ் சேனலுக்குப் போய், கெயினைப் பாதிக்குக் கீழே வையுங்கள். பெடலில் டிரைவை (கடிகார முள் கணக்கில்) 9 மணி நிலைக்கு இறக்கி, லெவலை 2 அல்லது 3 மணிக்கு ஏற்றி, டோனை 11 மணியில் நிறுத்துங்கள். பெடல் நடுச்சுரங்களை முன்னுக்குத் தள்ளும், ஆம்ப் மீதியைத் தரும். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். கிட்டார் ஆம்ப் இல்லாமல் மிக்ஸர் வழியாகவோ கீபோர்டு ஆம்ப்பிலோ வாசிப்பவராக இருந்தால், தேனீ இரைச்சலுக்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத் தானாகவே வெட்டிவிடும். ட்வீட்டர் (கூர்மையான ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) உள்ள ஸ்பீக்கர் வெட்டாது. அங்கே பெடலுக்குப் பிறகு ஒரு கேபினெட் சிமுலேட்டர் (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கருவி) தேவை.

அடுத்தது கிட்டார். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிக்கப்பின் காந்த முனைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 1.6 மில்லிமீட்டர் என்பது நல்ல தொடக்கம். சிக்னல் கூடட்டும் என்று பிக்கப்பை மேலும் உயர்த்தினால் காந்தம் கம்பியை இழுக்கும். மேல் ஃப்ரெட்களில் சுரம் தள்ளாடும். டிஸ்டார்ஷன் அந்தத் தள்ளாட்டத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டும்.

ஸ்ட்ராட்டில் இன்னொரு பழைய சிக்கல் இருக்கிறது. வழக்கமான இணைப்பில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு (கம்பிகள் தாங்கும் பாலத்துக்கு அருகில் இருப்பது) டோன் குமிழே கிடையாது. அதன் கூர்மை முழுசாகப் பெடலுக்குள் போய்விடும். பிக்கார்டை (கிட்டாரின் முன்பக்கத் தகடு) கழற்றி 5 நிலை ஸ்விட்சைப் பாருங்கள். டோன் ஒயர்கள் சேரும் பாதியில், பிரிட்ஜுக்கு உரிய கால் வெறுமனே இருக்கும். நடு பிக்கப்பின் டோன் ஒயர் சேர்ந்திருக்கும் காலிலிருந்து அதற்கு ஒரு துண்டு ஒயரை ஈயம் வைத்து ஒட்டினால் போதும். இரண்டாவது டோன் குமிழ் பிரிட்ஜுக்கும் வேலை செய்யும். குமிழை 10-லிருந்து 6, 7-க்கு இறக்கி வாசித்துப் பாருங்கள். காசு செலவில்லாத இந்த ஒயர்தான் ஸ்ட்ராட்டில் டிஸ்டார்ஷன் வாசிப்பவருக்கு முதலில் செய்து தர வேண்டியது.

இவ்வளவும் செய்த பிறகும் அடிச்சத்தம் போதவில்லை என்றால் பெடலைத் திறக்கலாம். 0.047 கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 0.1 மைக்ரோஃபாரட் போடுங்கள். வெட்டும் இடம் 720-லிருந்து சுமார் 340 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆசைப்பட்டு 0.22 போட்டால் அது 154-க்கு வந்துவிடும். தனிக் கம்பியில் வாசிக்கும்போது கனமாகத் தோன்றும், பவர் கார்டு (இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அடிக்கும் சுரக்கூட்டு) அடித்தவுடன் குழம்பும். என் கணிப்பில் 0.1-ஐத் தாண்டத் தேவையில்லை.

வாங்க வேண்டியது 104 என்று அச்சிட்ட சிறிய பாலியெஸ்டர் பாக்ஸ் கெப்பாசிட்டர், 5 மில்லிமீட்டர் கால் இடைவெளியில். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில ரூபாய்க்கு வாங்கிவிடலாம். பழையதில் 473 என்று இருக்கும். எண்ணை மட்டும் நம்பிக் கழற்றாதீர்கள். மஞ்சள், ஊதா, சிவப்புப் பட்டைகள் உள்ள 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு அது வரிசையாக இணைந்திருக்கிறதா, அந்த இணையின் ஒரு முனை சிப்பின் 2 அல்லது 6-ஆம் காலில் சேர்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 25 வாட் சோல்டரிங் அயர்ன், 0.8 மில்லிமீட்டர் ஈயம், ஈயம் உறிஞ்சும் பம்ப் போதும். ஒரு காலில் மூன்று வினாடிக்கு மேல் சூடு வைத்தால் போர்டின் செப்புப் பாதை உரிந்து வந்துவிடக்கூடும். இந்த வேலையில் பெடல் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். டியூப் ஸ்க்ரீமர் மினி போன்ற சிறிய பெடல்களில் பாகங்கள் போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் சாதாரண அயர்னோடு இறங்காதீர்கள்.

மழுங்கும் விதத்தையே மாற்ற வேண்டுமென்றால் டையோடுகளுக்குப் போகலாம். ஒரு பக்கம் இருக்கும் ஒரு டையோடுக்குப் பதிலாக இரண்டு 1என்4148-ஐ வரிசையாகப் போட்டால், அலையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் வெவ்வேறு உயரத்தில் மழுங்கும். பாஸ் நிறுவனத்தின் எஸ்டி-1 மூன்று டையோடுகளோடு இதைத்தான் செய்கிறது. சிவப்பு எல்இடி போட்டால் சுமார் 1.7 வோல்ட்டில்தான் மழுங்கும். சத்தம் கூடும், அமுக்கம் குறையும். ஆனால் சிங்கிள் காயிலின் சிறிய சிக்னலோடு, டிரைவ் குறைவாக இருக்கும்போது டிஸ்டார்ஷனே கேட்காமல் போகலாம். உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். டையோடின் கோடு போட்ட முனையைக் கவனியுங்கள்: இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டும். ஒரே திசையில் வைத்துவிட்டால் அலையின் ஒரு பாதியை டையோடு தொடவே தொடாது. பெடல் திடீரென்று உரக்க, கரகரவென்று ஒலிக்கும்.

இனி 808 விஷயம். டிஎஸ்9-க்கும் 808-க்கும் சுற்றில் உள்ள முக்கிய வேறுபாடு வெளியேறும் இடத்தில் இரண்டு ரெசிஸ்டர்கள்: டிஎஸ்9-இல் 470 ஓமும் 100 கிலோ ஓமும், 808-இல் 100 ஓமும் 10 கிலோ ஓமும். டையோடுகளுக்கு முன்னால் நடப்பது எதையும் இவை மாற்றுவதில்லை. போர்டு எப்படியும் திறந்திருக்கிறது என்றால் மாற்றிப் பாருங்கள், இதற்கென்றே கடைக்குப் பணம் கொடுக்காதீர்கள். சிப்பும் அப்படித்தான். ஜேஆர்சி 4558-க்குப் பதில் அதே கால் அமைப்புள்ள வேறொன்றைப் போட்டால் வரும் மாற்றம், டோன் குமிழைச் சற்றே திருப்புவதைவிடக் குறைவு. கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் எட்டுக் கால் சாக்கெட் ஒன்றை ஒட்டி, அதில் சிப்பைச் செருகுங்கள். சிப்பின் பள்ளம் பழைய திசையிலேயே இருக்கட்டும். திருப்பிச் செருகினால் மின்சாரம் வரும் 8-ஆம் காலும் தரையோடு சேரும் 4-ஆம் காலும் இடம் மாறி, சிப் எரிந்துவிடும்.

மூடுவதற்கு முன் பேட்டரி போட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பெடல் அணைந்திருக்கும்போது கிட்டார் கேட்டு, மிதித்தால் மட்டும் அமைதியானால், புதிதாக ஒட்டிய இடத்தில் இரண்டு கால்கள் ஈயத்தால் சேர்ந்திருக்கலாம், அல்லது செப்புப் பாதை அறுந்திருக்கலாம். பேட்டரியில் சுத்தமாக ஒலித்து அடாப்டரில் மட்டும் கீச்சென்று இரைந்தால், தவறு அடாப்டரில். போர்டை மறுபடி சூடாக்க வேண்டியதில்லை.