போர்டு எழுத்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பேக்கரியின் பெயரை ஆங்கிலத்தில் ‘மிஸ்ட்ரல்’ ஃபான்ட்டில் போட்டுக் கொடுத்தார்கள். பிரஷ்ஷால் எழுதியது மாதிரியே இருக்கிறது. ஆனால் எல்லாம் கேபிடலில் போட்டால் சகிக்கவில்லையே, ஏன்? இது கம்ப்யூட்டர் வந்த பிறகு செய்ததுதானே? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை, கம்ப்யூட்டருக்கு ரொம்ப முந்தியது. பிரான்சின் மார்செய் நகரில் இருந்த ஒலிவ் வார்ப்பகம் 1953ல் ஈயத்தில் வார்த்து விற்ற எழுத்து. வரைந்தவர் அதே ஊரில் பிறந்த ரோஜே எக்ஸ்கோஃபோன், தன் சொந்தக் கையெழுத்தை வைத்து வரைந்தார். மிஸ்ட்ரல் என்பது அந்தப் பக்கம் வீசும் கடுங்காற்றின் பெயர்.

இதில் மனுஷனின் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தனிக் கட்டை, ஒரு எழுத்தின் வால் கட்டையின் வலது ஓரத்தில் எந்த உயரத்தில் முடிகிறதோ அதே உயரத்தில்தான் அடுத்த எழுத்து இடது ஓரத்தில் தொடங்க வேண்டும், அதுவும் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்தாலும். ஒரு நூல் பிசகினாலும் விரிசல் தெரியும். மிஸ்ட்ரலின் ஓரங்கள் காய்ந்த பிரஷ் இழுத்தது போலச் சொரசொரப்பாக இருப்பதால் சின்ன இடைவெளி விழுந்தாலும் கண் கண்டுகொள்ளாது.

கேபிடல்களுக்கு இந்த ஒட்டு வேலை கிடையாது. அவை சொல்லைத் தொடங்கி வைக்க வந்தவை, வரிசையாக நிற்க அல்ல. அப்புறம், எழுத்துக்கு நடுவே இடைவெளி கூட்டச் சொல்லாதீர்கள், ஒட்டெல்லாம் பிய்ந்துவிடும்.

கேள்வி: இன்னும் தடிமனாக வேண்டுமென்று போல்ட் பட்டனை அழுத்தினால் அசிங்கமாகிறது. வேறு வழி? (வாசகர், திருச்சி)

பதில்: ஃபான்ட்டில் தனியாக போல்ட் வரைந்து வைக்காவிட்டால், அந்த பட்டன் எழுத்தைச் சுற்றிச் சமமாகக் கொழுப்பேற்றும், அவ்வளவுதான். பிரஷ் அப்படித் தடிப்பதில்லையே, அழுத்திய இடத்தில் பருத்து, தூக்கிய இடத்தில் மெலியும். தடிமனாகவே வரைந்ததை எடுங்கள்: எக்ஸ்கோஃபோனே 1955ல் ‘ஷோக்’ என்று ஒன்று செய்தார், எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக, மையை அள்ளி அடித்தது போல நிற்கும். எனக்கு மிஸ்ட்ரலைவிட அதுதான் பிடிக்கும். ஆனால் கடைப்பெயரோடு நிறுத்துங்கள், ஃபோன் நம்பரையும் முகவரியையும் அதிலேயே போட்டால் தெருவில் போகிறவர் எவரும் படிக்க மாட்டார்.

கேள்வி: போர்டில் இருப்பது கையெழுத்தா, ஃபான்ட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, மதுரை)

பதில்: ஒரே எழுத்து இரண்டு முறை வரும் இடத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் காஃபி என்று எழுதினால் எஃப் இரண்டு, ஈ இரண்டு. பிரஷ் காய்ந்த கீறல் உட்பட ஜோடி அச்சு அசலாக இருந்தால் ஃபான்ட்தான். புது ஃபான்ட்கள் சிலவற்றில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்து மாற்றி மாற்றிப் போடுவார்கள், அங்கே காஃபி போதாது, மிஸிஸிப்பி என்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள்: எஸ் நான்கு, ஐ நான்கு.