கார் வரிசை வீடியோவை யாருக்கு அனுப்புவது?

வணக்கம்.

நியூ ஜெர்சி இல்லத்தரசிகளைப் பற்றிய அமெரிக்க ரியாலிட்டி ஷோவில் வந்த ஜாக்குலின் லௌரிட்டா, தன் மகனுக்கு ஆட்டிசம் என்று 2012இல் வெளிப்படையாகச் சொன்னார். இப்படி ஒரு பிரபலம் சொன்னதும் என்னென்ன பேச்சு கிளம்பும் என்று உங்களுக்கே தெரியும். தடுப்பூசிதான் காரணம் என்பார்கள், அம்மா சரியில்லை என்பார்கள், கோதுமையை நிறுத்தச் சொல்வார்கள். ஷோவின் போன சீசனில் பையன் நன்றாகத்தானே இருந்தான் என்றும் கேட்பார்கள்.

என் தங்கையும் நியூ ஜெர்சியில்தான் இருக்கிறாள். மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். போன வாரம் ஆட்டிசம் என்று உறுதியானது. எல்லோருக்கும் சொல்லிவிடப் போகிறாளாம். அவன் பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்குவதையும், நடுவில் ஒன்றை எடுத்தால் அலறுவதையும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். அதையும் சேர்த்துப் போடுவாளாம். என்ன சொல்லட்டும்?

வி.

அன்புள்ள வி,

சொல்லட்டும். ஆனால் ஊருக்குச் சொல்வதில் அவசரம் ஒன்றுமில்லை. அவசரம் பையனின் மூன்றாவது பிறந்தநாளில் இருக்கிறது.

அமெரிக்காவில் மூன்று வயது வரைதான் 'எர்லி இன்டர்வென்ஷன்' என்ற, வளர்ச்சியில் உதவி தேவைப்படும் குழந்தைகளுக்கான அரசுத் திட்டம். டாக்டர் எழுதித் தர வேண்டும் என்றில்லை, பெற்றோரே நேரடியாகக் கேட்கலாம். மதிப்பீடு இலவசம். சேவைகளுக்கு மட்டும் வருமானத்தைப் பொறுத்துப் பங்குத்தொகை வரலாம். கேட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்து, என்ன உதவி தருவது என்று முடிவு செய்யும் குடும்பத் திட்டக் கூட்டம் நடத்த வேண்டும். மூன்று வயதானதும் பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்குப் போய்விடும். அந்த மாற்றத்துக்கான கூட்டம் பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்னால் நடக்க வேண்டும். உங்கள் தங்கை கையில் இருப்பது எட்டு மாதம். முன்னால் 45 நாளையும் பின்னால் 90 நாளையும் கழித்தால், காகித அலைச்சல் இல்லாமல் கிடைப்பது மூன்றரை மாதம்தான். பலர் தடுக்கி விழுவது பள்ளி மாவட்டத்திடம் போனில் கேட்டுவிட்டுக் காத்திருப்பதில். எழுத்தில் கேட்க வேண்டும், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு. இல்லையென்றால் எப்போது கேட்டோம் என்பதற்கே சான்று இருக்காது.

இனி அந்தப் பேச்சுகள்.

தடுப்பூசிக் கதை 1998இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையில் தொடங்கியது. மொத்தம் 12 குழந்தைகள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு கட்டுரையை எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. இருந்தும் கதை சாகவில்லை, ஏனென்றால் காலம் பொருந்துகிறது. அமெரிக்காவில் முதல் எம்.எம்.ஆர். ஊசி 12 முதல் 15 மாதத்துக்குள். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று வீடு கவனிக்கத் தொடங்குவதும் அதையொட்டித்தான். பனம்பழம் விழும் நேரத்தில் காக்கை உட்காருகிறது.

'நன்றாகத்தானே இருந்தான்' என்பதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. சில குழந்தைகள் பத்து இருபது சொற்கள் பேசிவிட்டு, ஒன்றரை வயது வாக்கில் அவற்றை இழப்பதுண்டு. அந்தப் பெற்றோர் பொய் சொல்வதில்லை. ஆனால் டிவியில் பார்த்ததை வைத்து இதைச் சொல்ல யாருக்கும் வழியில்லை. ரியாலிட்டி ஷோவில் குழந்தை சில நொடிகள் வரும், சிரிக்கும், போகும். சிரிக்காத நொடிகளை எடிட்டர் வெட்டியிருப்பார். வெட்டாத வீடியோ வேறு கதை. ஆஸ்டர்லிங், டாசன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் முதல் பிறந்தநாள் விழா வீடியோக்களை ஒப்பிட்டார்கள். ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகள், மற்ற 11 குழந்தைகள். முகம் பார்ப்பது, விரல் நீட்டிக் காட்டுவது, பெயருக்குத் திரும்புவது ஆகியவற்றில் அன்றே வேறுபாடு தெரிந்தது. வழக்கமான அட்டவணையில் அந்த வயதுக்கு முன் எம்.எம்.ஆர். ஊசியே கிடையாது.

தாயைக் குறை சொல்வது பழைய நோய். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்று பெயர் வைத்து, பாசமில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவ உலகில் பலரே ஒரு காலத்தில் நம்பினார்கள். 1964இலேயே பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அதை மறுத்துப் புத்தகம் எழுதிவிட்டார். மரபணுக்களின் பங்குதான் பெரிது என்று இன்று தெரியும். அத்தை கேட்டால் இவ்வளவு போதும்.

குணப்படுத்துகிறேன் என்று வருபவர்களிடம்தான் கறாராக இருக்க வேண்டும். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று செய்யும் கீலேஷன் சிகிச்சையில் 2005இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். ஏற்றிய மருந்து ரத்தத்தில் கால்சியத்தைச் சரித்து இதயத்தை நிறுத்திவிட்டது. 'அற்புதத் திரவம்' என்று விற்கும் குளோரின் டையாக்சைடு, ப்ளீச் என்ற வெளுப்பு ரசாயனத்தைத் தவிர வேறில்லை. கோதுமையும் பாலும் நிறுத்துவது இவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் அதனால் ஆட்டிசம் குறைகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஏற்கெனவே ஐந்தாறு பண்டங்களை மட்டும் தின்னும் பிள்ளையிடம் அதில் இரண்டைப் பிடுங்கினால் கால்சியமும் எடையும் குறையும்.

சொந்தங்கள் நிச்சயம் இன்னொன்றும் சொல்வார்கள்: 'தமிழை விட்டுவிடு, இங்கிலீஷ் மட்டும் பேசு, குழம்புகிறான்.' வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பேச்சு அதனால் பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பாட்டியோடு பேச இருக்கும் ஒரே மொழியை ஏன் அடைக்க வேண்டும்?

எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பதும் வரும். 'மதியிறுக்கம்' என்றால் மதி ஏதோ இறுகிப்போன மாதிரி இருக்கிறது. 'தற்புனைவு ஆழ்வு' அதைவிட மோசம், குழந்தை கற்பனையில் மூழ்கிக் கிடக்கிறது என்று அர்த்தமாகிறது. ஆட்டிசம் என்றே எழுதட்டும். 'பாதிக்கப்பட்ட' வேண்டாம்.

சொல்லும் வரிசை: முதலில் அவனைத் தூக்கிக் கொஞ்சுபவர்கள், பார்த்துக்கொள்பவர்கள். சில வாரம் கழித்து மற்றவர்கள். நாலு வரி போதும். பெயர் இது, இப்படிக் கண்டறிந்திருக்கிறார்கள்; அவனுக்குப் பிடித்தது இது; சத்தம் தாங்க மாட்டான்; சிகிச்சை யோசனை அனுப்ப வேண்டாம், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் அவனைப் பார்த்துக்கொண்டால் போதும். கேட்பதை இப்படித் திட்டமாகக் கேட்காவிட்டால், வருவது யோசனையும் 'நீ தெய்வத்தாய்' என்ற பட்டமும்தான். பட்டம் பாத்திரம் கழுவாது.

போடக் கூடாதவை: மதிப்பீட்டு அறிக்கை, மதிப்பெண்கள், கழிப்பறைப் பழக்கம், சிகிச்சை மையத்தின் பெயர், அழும் வீடியோ. பன்னிரண்டு வயதில் அவன் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தேடி எடுப்பார்கள்.

ஆனால் அந்தக் கார் வீடியோவை அழிக்கச் சொல்லாதீர்கள். எடுத்த தேதியைக் குறித்து வைக்கட்டும். மதிப்பீட்டு அறையில் புது முகங்களைப் பார்த்து அவன் ஒடுங்கி உட்கார்ந்திருக்கலாம், அப்போது இதுதான் பேசும். இன்னும் மூன்று எடுக்கலாம், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்: சாப்பிடும்போது, இன்னொரு குழந்தை பக்கத்தில் இருக்கும்போது, அவன் வேறு வேலையாக இருக்கையில் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்போது. ஒரே ஒரு தடவை கூப்பிட்டு ஐந்து நொடி காத்திருக்க வேண்டும். 'கண்ணா, இங்கே பாரு பாரு' என்று கைதட்டிக்கொண்டே எடுத்தால் அது எதற்கும் உதவாது.

அன்புடன்.